நான்கு எழுத்துச் சொல்லும் சிப்

கேமரன் மலைத் தோட்டங்களில் தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களிடம் "சிப் போட்ட பிளேஸ்டேஷன்" என்றால் போதும், வேறு விளக்கம் வேண்டாம். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கியதிலிருந்து இந்த மலையில் கொழுந்து பறித்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். அசல் விளையாட்டுச் சிடி ஒன்று வாங்க அப்பாவோ அம்மாவோ பல நாள் கூடை சுமந்தாக வேண்டும். நகல் சிடியோ பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் சில ரிங்கிட். அந்த நகலைக் கருவி ஏற்றுக்கொள்ள, உள்ளே சுண்டுவிரல் நகத்தளவு சிப் ஒன்றைப் பற்றவைக்க வேண்டும். மலேசியாவெங்கும் பழுது பார்க்கும் கடைகளில் இது அன்றாட வேலையாக நடந்தது.

அந்தக் கருவிகள் இப்போது பரணிலிருந்து இறங்கி வருகின்றன. அப்பா விளையாடியதைப் பிள்ளைக்குக் காட்ட ஆசை. திருகாணிகளைக் கழற்றி மேல்மூடியைத் தூக்கினால், கருகிய போர்டு, பிய்ந்த செம்புத் தடம், காற்றில் தொங்கும் வயர் என்று பழைய கைவேலை பல்லிளிக்கும். சிப் கெட்டு வீணான கருவி குறைவு. சிப்பை வைத்த கை அவசரப்பட்டதால் வீணானதுதான் அதிகம். ஆகவே சிப் என்ன செய்கிறது என்பதோடு, அதைக் கருவிக்கும் நமக்கும் தீங்கில்லாமல் எப்படிப் பற்றவைப்பது என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

சோனியின் முதல் பிளேஸ்டேஷன் 1994 டிசம்பர் 3ஆம் தேதி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் எட்டியது. தொலைக்காட்சியில் மாட்டி ஆடும் கருவிகளில் பத்துக் கோடியைத் தாண்டி விற்ற முதல் கருவி இதுதான். விளையாட்டு சிடியில் வந்ததால் ஒரு சிக்கல் கூடவே வந்தது. சிடியில் இருக்கும் தகவலை எந்தக் கணினியும் நகலெடுத்துவிடும். நகலை எப்படித் தடுப்பது?

சோனியின் பொறியாளர்கள் கண்ட வழியை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. ரகசியத்தைத் தகவலுக்குள் வைக்காமல், தகவல் எழுதப்பட்ட தடத்தின் வடிவத்தில் வைத்தார்கள். சிடியின் உட்புறத் தொடக்கப் பகுதியில் சுருள் தடம் நேராக ஓடாது. தையல்காரர் ஓரத்தை நெளித்துத் தைப்பதுபோல மிக மிக மெல்லியதாக இடமும் வலமும் அசைந்து ஓடும். லேசர் தடத்தைவிட்டு விலகாமல் பின்தொடரும்போது இந்த அசைவு மின் அலையாகக் கிடைக்கிறது. அந்த அலை வருவதும் நிற்பதுமாக ஒரு சங்கேதம். அதைப் பிரித்தால் நான்கே எழுத்து. ஜப்பானுக்கு எஸ்-சி-ஈ-ஐ, அமெரிக்காவுக்கு எஸ்-சி-ஈ-ஏ, ஐரோப்பாவுக்கு எஸ்-சி-ஈ-ஈ. சோனியின் விளையாட்டுப் பிரிவான சோனி கம்ப்யூட்டர் என்டர்டெயின்மென்ட்டின் முதலெழுத்துகளும் கடைசியில் வட்டாரக் குறியும்.

கருவியை இயக்கியதும் சிடி இயக்கியைக் கட்டுப்படுத்தும் சிப் இந்த எழுத்துகளைத் தேடும். தன் வட்டாரத்துக்குரியவை கிடைத்தால் விளையாட்டு தொடங்கும், இல்லாவிட்டால் மறுத்துவிடும். நகலெடுக்கும் கணினி தகவலை மட்டும்தான் படிக்கிறது, தடத்தின் அசைவை அது எடுத்துச் செல்வதில்லை. எழுதப்படாத வெற்று சிடியில் ஏற்கெனவே வேறொரு அசைவுத் தடம் அச்சாகியிருக்கும், எழுதும் கருவி அதைப் பின்பற்றித்தான் போக முடியும். புதிய அசைவை வரைய அதனால் ஆகாது. இப்படி ஒரே பூட்டில் நகலும் வெளிவட்டாரச் சிடியும் அடைபட்டன. ஆசியச் சந்தைக்கு வந்த கருவிகள் ஜப்பான் வட்டாரத்தவை. எனவே காசு கொடுத்து வாங்கிய அசல் அமெரிக்கச் சிடிகூட அவற்றில் ஓடாது.

நாம் பற்றவைக்கும் சிப் செய்யும் வேலை இவ்வளவுதான்: சிடி சொல்லவேண்டிய நான்கு எழுத்தை, சிடிக்குப் பதிலாகத் தான் சொல்கிறது. அன்று பரவலாகப் பயன்பட்டது பிஐசி 12சி508 என்ற எட்டுக்கால் நுண்கட்டுப்படுத்தி. சங்கேதத்தின் ஒரு பிட்டுக்கு 4 மில்லிநொடி. நான்கு எழுத்துக்கும் ஐந்தில் ஒரு நொடிகூட ஆகாது. ஒரு வயரால் சிடியிலிருந்து வரும் அலையை அடக்கிவிட்டு, இன்னொன்றால் தன் சங்கேதத்தை உள்ளே விடும். மின்சாரத்துக்கு ஒன்று, தரைக்கு ஒன்று. ஆக, எளிய சிப்புக்கு நான்கே வயர். இந்த அளவு வேலைக்குள் ஒரு பெரிய நிறுவனத்தின் பூட்டு முழுவதும் அடங்கிவிட்டது என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம்.

சோனி சும்மா இருக்கவில்லை. பழைய சிப்புகள் ஓயாமல் எழுத்துகளைச் சொல்லிக்கொண்டே இருந்தன. ஆட்டம் ஓடும் நடுவில், அந்த எழுத்துகள் வரவே கூடாத நேரத்தில் வருகின்றனவா என்று சோதிக்கும் விளையாட்டுகள் வந்தன. 1999இல் ஜப்பானில் வெளியான டைனோ கிரைசிஸ் அவற்றில் ஒன்று. பதிலுக்கு, தொடக்கத்தில் மட்டும் பேசிவிட்டு மௌனமாகும் சிப்புகள் வந்தன. அவற்றுக்கு மூடி திறப்பதையும் கருவி மறுதொடக்கமாவதையும் அறிய இன்னும் ஓரிரு வயர் கூடுதல். இன்று அதே வேலையை ஏடிடைனி85 போன்ற மலிவான நுண்கட்டுப்படுத்தியில், திறந்த மூல நிரலான பிஎஸ்நீயை ஏற்றிச் செய்துகொள்கிறார்கள்.

சிப்பால் ஆகாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். அது மின்னழுத்தத்தை மாற்றாது. ஜப்பானுக்குள் விற்ற கருவி 100 வோல்ட்டுக்கானது. அதை நம் வீட்டு 240 வோல்ட்டில் நேராகச் செருகினால் மின்வழங்கிப் பலகை அப்போதே போய்விடும், கருவியின் அடியிலுள்ள சீட்டைப் படித்துவிட்டுத்தான் செருக வேண்டும். நிறச் சிக்கலையும் சிப் தீர்க்காது. மலேசியாவின் பழைய தொலைக்காட்சி பால் முறை, ஜப்பான் வட்டாரக் கருவி என்டிஎஸ்சி. இரண்டும் தெரிந்த டிவி இல்லையென்றால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். சிப் வைத்த அன்று இப்படி ஆனால் கைவேலையில் பிழை என்று நினைத்து மறுபடி போர்டைச் சூடாக்க வேண்டாம்.

சட்டத்தை ஒதுக்கிவிட்டு இதைப் பேசுவது நேர்மையாகாது. 1987ஆம் ஆண்டின் மலேசியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 36ஏ பிரிவு, காப்புத் தொழில்நுட்பத்தைத் தாண்டிச் செல்வதைத் தடை செய்கிறது. விதிவிலக்குகள் சில உண்டு. நகல் சிடித் தொழிற்சாலைகளைக் கட்டுப்படுத்த அதற்கு முன்பே 2000இல் ஒளிவட்டுச் சட்டம் வந்தது. ஆஸ்திரேலியாவின் உயர் நீதிமன்றம் 2005இல் ஸ்டீவன்ஸ் வழக்கில், பிளேஸ்டேஷன் சிப் விற்றது அந்நாட்டுச் சட்டப்படி மீறலாகாது என்று தீர்ப்பளித்தது. சோனியின் பூட்டு நகலெடுப்பதைத் தடுக்கவில்லை, எடுத்த நகலை ஓட்டுவதைத்தான் தடுக்கிறது என்பது அதன் தருக்கம். மறு ஆண்டே அங்கு சட்டத்தை மாற்றிவிட்டார்கள். என் கருத்து இது: காசு வாங்கிக்கொண்டு ஊராருக்குச் சிப் போட்டுக் கொடுப்பதும், புதிய கருவியின் பூட்டை உடைத்து இன்றைய விளையாட்டைத் திருடுவதும் தவறு. கடையில் எங்கும் கிடைக்காத முப்பது வருட விளையாட்டை, சொந்தமாக வாங்கிய சிடியிலிருந்து ஆட விரும்புவதை அந்தத் தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சட்டம் என்னைக் கேட்டு எழுதப்படவில்லை. சால்டரிங் அயர்னை எடுக்கும் முன் அதையும் படித்துக்கொள்ளுங்கள்.

இனி மேசைக்கு வருவோம்.

முதல் ஆபத்து சால்டரிங் அயர்னில் இல்லை, கருவியின் இடப்பக்கத்தில் இருக்கிறது. பழைய சாம்பல் நிற மாடலின் மேல்மூடியைத் தூக்கியதும் மின்வழங்கிப் பலகை மறைப்பில்லாமல் கண்முன் நிற்கும். 240 வோல்ட் அங்கே நேர்மின்சாரமாக மாறி ஏறத்தாழ 340 வோல்ட்டாக ஒரு பெரிய கெப்பாசிட்டரில் தேங்குகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் அங்கேயே இருக்கும். பிளக்கைப் பிடுங்கி, சில நிமிடம் பொறுத்து, அந்தக் கெப்பாசிட்டரின் இரு கால்களிலும் மல்டிமீட்டர் வைத்து அழுத்தம் இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே கைவைக்க வேண்டும். திருப்புளியால் கால்களைக் குறுக்கிட்டுப் பொறி பறக்கவிடும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு, அதைச் செய்யாதீர்கள். சிப்பைப் பற்றவைக்க வேண்டிய போர்டைத் தனியே கழற்றி எடுத்து, மின்வழங்கியைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம். புதிதாகக் கற்பவருக்கு 2000இல் வந்த சிறிய பிஎஸ் ஒன் இன்னும் நல்லது. அதற்கு வெளி அடாப்டர், உள்ளே வருவது 7.5 வோல்ட் மட்டுமே.

இரண்டாவது, புகை. ஈயப் புகை என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் சால்டரிங் அயர்னின் சூட்டில் ஈயம் ஆவியாவதில்லை என்றே சொல்லலாம். அது கொதிக்க 1,700 பாகைக்கு மேல் வேண்டும். எழும் வெண்புகை, ஈயக்கம்பியின் நடுவிலுள்ள ஃபிளக்ஸ், அதாவது பைன் மரப் பிசின், எரிவதால் வருவது. நாள்பட அதை மூச்சில் இழுத்தவர்களுக்கு ஆஸ்துமா வருவது மருத்துவம் நன்கறிந்த தொழில்நோய். மலைக்குளிருக்குச் சன்னலை இறுக்கிச் சாத்திக்கொண்டு உட்காரும் ஊரில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சன்னலைத் திறந்து வையுங்கள், சின்ன விசிறி ஒன்று புகையை முகத்திலிருந்து இழுத்து வெளியே தள்ளட்டும். ஈயம் உடம்புக்குள் போவது விரல் வழியாக. வேலை முடியும்வரை அந்த மேசையில் தேநீரும் வேண்டாம், பலகாரமும் வேண்டாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பிள்ளைகள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் வேலை இல்லை இது.

இப்போது ஒரே ஒரு இணைப்பைக் கிட்டத்தில் பார்ப்போம். தொடவேண்டிய இடம் சிடி கட்டுப்பாட்டுச் சிப்பின் ஒரு கால். பக்கத்துக் காலுக்கும் அதற்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. வயர் 30 கேஜ், செம்பின் தடிமன் கால் மில்லிமீட்டர். அதன் நுனியில் ஒரு மில்லிமீட்டருக்கு மட்டும் உறையை நீக்குங்கள். கூடுதலாக நீக்கினால் மிச்சம் பக்கத்துக் காலைத் தொடும். நீக்கிய நுனியில் முதலில் ஈயம் பூச வேண்டும். போர்டின் காலில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தடவித் துடைத்துவிட்டு ஒரு பொட்டு ஃபிளக்ஸ். அந்தக் காலத்துப் போர்டுகளில் இருப்பது ஈயம் கலந்த பற்று; 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த கம்பி 183 பாகையில் உருகும், அதையே பயன்படுத்துங்கள். அயர்ன் நுனி 330 பாகை அளவில் இருக்கட்டும். வயரைக் காலின் மேல் சரியாக வைத்துவிட்டு நுனியால் இரண்டையும் ஒருசேரத் தொடுங்கள். ஃபிளக்ஸ் சீறும். அடுத்த கணம் மங்கலாக இருந்த ஈயம் திடீரெனப் பளபளத்து வயரைச் சுற்றி ஓடும். அந்தப் பளபளப்பைக் கண்டதும் அயர்னை எடுத்துவிடுங்கள், வயரை இன்னும் ஒரு நொடி ஆடாமல் பிடியுங்கள். தொட்டதிலிருந்து எடுத்தது வரை இரண்டு நொடி, மிஞ்சினால் மூன்று. ஓடவில்லையென்றால் அழுத்தாதீர்கள். ஆறவிட்டு, நுனியைத் துடைத்து, மறுபடி ஃபிளக்ஸ் வைத்துத் தொடங்குங்கள். அழுத்தமும் நீண்ட சூடும் சேர்ந்தால் செம்பைப் போர்டோடு ஒட்டிய பசை விட்டுவிடும். செம்பு பிய்ந்துகொண்டு வரும். கருவிகள் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஃபிளக்ஸ் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. தகரம், குழாய் பற்றவைக்க வன்பொருள் கடையில் விற்கும் அமிலப் பேஸ்ட் இதற்கு ஆகாது. மூடுபனி வீட்டுக்குள் நுழையும் கேமரன் மலை ஈரத்தில், மிச்சம் நிற்கும் அமிலம் செம்பைப் பச்சையாக அரித்துவிடும். மின்னணு வேலைக்கான பிசின் ஃபிளக்ஸ்தான் வேண்டும், அதையும் முடிவில் ஆல்கஹாலால் துடைத்துவிட வேண்டும்.

எல்லா வயரும் வைத்தான பின் அவசரப்பட்டு மூடாதீர்கள். ஒவ்வொரு வயரையும் இடுக்கியால் மெல்ல அசைத்துப் பாருங்கள். மீட்டரை ஒலிக்கும் நிலையில் வைத்து, பக்கத்துப் பக்கத்துக் கால்கள் ஒட்டியிருக்கின்றனவா, சிப்புக்கு மின்சாரம் தரும் 3.5 வோல்ட் தடமும் தரையும் குறுக்கிட்டிருக்கின்றனவா என்று சோதியுங்கள். ஒட்டியிருந்தால் செம்புப் பின்னல் பட்டையை ஃபிளக்ஸோடு வைத்துச் சூடாக்கினால் அது ஈயத்தை உறிஞ்சிக்கொள்ளும். மோட்டாருக்குப் போகும் 7.5 வோல்ட் தடத்தைத் தவறிப்போய்த் தொட்டுவிட்டால் சிப் பிழைக்காது. வயர்களை வெப்பம் தாங்கும் நாடாவால் போர்டோடு ஒட்டிவிடுங்கள், அப்போது மூடியில் மாட்டி இழுபடும் வயர் செம்பைப் பிய்க்காது.

பிறகு இயக்குங்கள். முதலில் வெள்ளைத் திரை, அடுத்துக் கறுப்புத் திரையில் பிளேஸ்டேஷன் சின்னம் வந்தால் நான்கு எழுத்தும் ஏற்கப்பட்டுவிட்டன. சின்னம் வந்த பிறகு ஆட்டம் திக்கித் திக்கி ஓடினால் சிப்பின் மேல் பழி போடாதீர்கள், லேசரைப் பாருங்கள். முதல் மாடல்களில் லேசர் நகரும் தண்டவாளம் பிளாஸ்டிக். அது தேய்ந்து லேசர் சாய்ந்துவிடும். கருவியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து ஆடிய தலைமுறைக்கு அந்தக் காரணம் தெரியாமலே கைமருந்து தெரிந்திருந்தது. லேசர் தொகுதியை மாற்றுவதுதான் சரியான வழி. மூடியைத் திறந்து வைத்து, மூடிப் பொத்தானை அழுத்திக்கொண்டு லேசர் எரிகிறதா என்று உள்ளே எட்டிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது 780 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிர். கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது, ஆகவே கண் கூசவும் கூசாது, இமை மூடவும் மூடாது. எந்தச் சோதனையானாலும் சிடியை மேலே வைத்து, மூடியைச் சாத்திவிட்டுச் செய்யுங்கள்.