"சத்தம் பத்தலே!" என்று திருகினால் குழாய் கருகும்! மைக் செட்டுக்குள் நடப்பது என்ன?

வ. புதுப்பட்டி:

கோவில் பொங்கல் என்றால் வ. புதுப்பட்டியிலும் சரி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கிராமங்களிலும் சரி, முதலில் வந்து இறங்குவது மைக் செட்தான். வேப்பமரத்தில் குழாய் கட்டியாச்சு. "ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ!"

உடனே கூட்டத்தில் இருந்து ஒரு குரல்: "அண்ணே, சத்தம் பத்தலே! இன்னும் ஏத்துங்க!"

ஏற்றினால் என்ன ஆகும்?

கண்மாய் மடை

மைக்கில் பேசும்போது உண்டாகும் மின்சாரம், ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்குதான். குழாய்க்கு அது பத்தாது.

இங்கேதான் ஆம்ப்ளிபயரின் வேலை. கண்மாய் மடையில் ஷட்டரை லேசாகத் திருகினாலே தண்ணீர் குபுகுபுவென்று பாய்கிறது அல்லவா? மைக் மின்சாரம்தான் திருகும் கை. கரண்டோ, பேட்டரியோதான் கண்மாய். குரல் ஏறி இறங்குகிற மாதிரியே மடையும் ஏறி இறங்கும்.

1906-ல் அமெரிக்காவின் லீ டி பாரஸ்ட் செய்த 3 முனை வால்வுதான் இதற்கு ஆரம்பம். வால்வு செட் சூடேறினால்தான் பேசும். 1947-ல் டிரான்சிஸ்டர் பிறந்தது. 12 வோல்ட் கார் பேட்டரியில் ஓடும் செட்டுகள் வந்தன. மைக் செட் ஜீப்பிலும் ஆட்டோவிலும் ஏறியது!

4 வகை

'ஏ' வகையில் மடை எப்போதும் திறந்தே இருக்கும். ஒலி சுத்தம், ஆனால் பேசாதபோதும் கரண்டு செலவு, கொதிக்கும் சூடு.

'பி' வகையில் 2 டிரான்சிஸ்டர்கள். அலையின் மேல் பாதிக்கு ஒன்று, கீழ்ப் பாதிக்கு ஒன்று. செலவு குறைவு, கை மாறும் இடத்தில் கரகரப்பு.

இரண்டையும் கலந்தது 'ஏபி'. மைக் செட்டுகளில் அதிகம் இதுதான்.

'டி' வகையோ மடையை முழுக்கத் திறக்கும், முழுக்க மூடும். விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை! வாங்கும் கரண்டில் 100-க்கு 90 பங்கு வரை ஸ்பீக்கருக்குப் போய்விடும்.

ஏன் கருகுகிறது?

கண்மாயில் இருப்பதற்கு மேல் தண்ணீர் வருமா? அளவு மீறித் திருகினால் ஒலி அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். பேச்சு கரகரக்கும். யூனிட்டுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் சூடாகிக் கருகும்.

50 வாட் செட்டை எடுத்துவிட்டு 100 வாட் வைத்தாலும் சத்தம் இரட்டிப்பு ஆகாது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரட்டிப்பாகத் தெரிய ஏறக்குறைய 500 வாட் வேண்டும்! அதைவிட, தள்ளி இன்னொரு குழாய் கட்டுவதே புத்திசாலித்தனம்.

காது பத்திரம்

85 டெசிபல் சத்தத்தைக் காது 8 மணி நேரம் தாங்கும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான்.

2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி, திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்காக அரசு தளர்த்தினாலும் நள்ளிரவு 12 மணி வரைதான்.

குழாய் கருகினால் புது யூனிட் கடையில் கிடைக்கும். காது போனால்?