பள்ளிக்கரணை காப்புக்காடும் நீர்வளமும்

பள்ளிக்கரணை காப்புக்காடு என்பது தாம்பரத்திற்குக் கிழக்கே, தென் சென்னையில் அமைந்துள்ள சதுப்புநிலத்தின் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பகுதியாகும். பெயரில் காடு இருப்பினும் இங்கு அடர்ந்த மரங்கள் இல்லை; கோரையும் நாணலும் ஆழமற்ற நீரும் பறவைகளுமே உள்ளன. ஒரு நிலம் காப்புக்காடு ஆவது மரங்களால் அன்று, அரசின் அறிவிக்கையால் ஆகும். 2007 ஆம் ஆண்டில் 317 எக்டேர் பரப்பு இவ்வாறு அறிவிக்கப்பட்டது. 2022 இல் சுமார் 1,247 எக்டேர் பரப்பு ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

நீரோட்டம்

சுற்றிலுமுள்ள ஏரிகள் நிரம்பி வழியும் நீர் இங்கு வந்து சேர்கிறது. மிகுநீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, நாவலூருக்குக் கிழக்கே தெற்கு நோக்கிச் சென்று, கோவளம் கழிமுகத்தில் கடலில் கலக்கிறது. சதுப்புநிலம் மழைநீரைத் தேக்கி மெதுவாக வெளிவிடுவதால் வெள்ளம் தணிகிறது. ஒரு பகுதி நிலத்தடி நீராகிறது. கடற்கரையை ஒட்டிய நிலத்தில் நன்னீர் மட்டம் தாழ்ந்தால் கடல்நீர் உட்புகுந்து கிணறுகள் உவர்ப்பாகிவிடும். 2015 இல் வேளச்சேரி வெள்ளத்தில் மூழ்கியது. 2019 கோடையில் பழைய மகாபலிபுரம் சாலைக் குடியிருப்புகள் தண்ணீர் லாரிகளுக்குக் காத்திருந்தன.

மீட்பு

இங்கு மீட்பு என்பது மரம் நடுதல் அன்று. நடுவதற்கென மண் கொட்டி மேடாக்கினால் நீர் தேங்கும் இடமே குறையும். சீமைக்கருவேலத்தையும் ஆகாயத்தாமரையையும் அகற்றுதல், பெருங்குடி குப்பைக் கிடங்கின் பழைய குப்பைகளை அகழ்ந்தெடுத்தல், நீர்வழிகளைத் திறந்து வைத்தல் ஆகியனவே முதன்மைப் பணிகளாகும். இவற்றுள் இறுதியானதே கடினமானது எனலாம். நீரைக் கொண்டுவரும் ஏரிகளும் கால்வாய்களும் காப்புக்காட்டின் எல்லைக்கு வெளியே, வேறு துறைகளின் பொறுப்பில் உள்ளன.