இறக்கிவிட்ட மதகுப் பலகை

புத்தளத்து உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். களப்பில் தண்ணீர் நிறைந்திருந்தாலும், மதகுப் பலகையை இறக்கிவிட்டால் பாத்திக்கு ஒரு சொட்டும் வராது. நம் உடற்கலங்களுக்குள்ளும் அப்படியொரு பலகை உண்டு, நேயர்களே. மெத்தைல் என்பது ஒரு காபனும் மூன்று ஐதரசனும் சேர்ந்த சின்னஞ்சிறு கூட்டம். அது டி.என்.ஏ.யின் சைற்றோசின் எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியில் இப்படி நிறைய ஒட்டிவிட்டால் அந்த மரபணு வாயடைத்துப்போகும். எழுத்து ஒன்றும் பிழைக்கவில்லை. கலத்தால் அதை வாசிக்கத்தான் முடிவதில்லை.

பி.ஆர்.சி.ஏ.1 என்ற மரபணு, உடைந்த டி.என்.ஏ.யைச் சரிசெய்ய உதவுவது. அது பழுதாகிப் பரம்பரையாக வந்தால் மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடும். இது பலர் அறிந்ததே. ஆனால் பரம்பரைப் பழுதே இல்லாத சில கட்டிகளிலும் அதே மரபணு மெத்தைலால் மூடுண்டு கிடக்கிறது. "எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்லையே" என்று கற்பிட்டியிலும் சிலாபத்திலும் சொல்வார்கள். இந்த நோய் வருபவர்களில் பெரும்பாலானோர் அப்படிச் சொல்லக்கூடியவர்கள்தாம்.

ஆகவே குடும்பத்தில் யாருக்கும் இல்லாவிட்டாலும் சோதித்துப் பார்ப்பது நல்லது. 35 வயதான பெண்களுக்கு, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்தும் 'சுவநாரி' கிளினிக்கில் மார்பகப் பரிசோதனை இலவசம்.