ஷெல் எவ்வாறு வேலை செய்கிறது?

கணிப்பொறியில் 'டேட்' என்று தட்டச்சு செய்து, என்டர் விசையை அழுத்துகிறோம். உடனே தேதியும் நேரமும் திரையில் தோன்றுகின்றன. நம் கட்டளையைப் பெற்றுக்கொண்டது யார்? 'ஷெல்' என்னும் நிரல்.

யுனிக்ஸ், லினக்ஸ் ஆகியவற்றில் நினைவகம், வட்டு முதலியவற்றை ஆள்வது 'கெர்னல்' என்னும் உட்பகுதி. நிலக்கடலையின் பருப்பு கெர்னல் என்றால், அதன் ஓடு ஷெல். ஆனால் ஷெல்லுக்குத் தனிச் சலுகை ஏதுமில்லை. அதுவும் மற்றவற்றைப் போன்ற ஒரு நிரலே. ஆகவே 'சி' மொழி பயின்ற மாணவர் எவரும் எளிய ஷெல் ஒன்றை ஐம்பது, அறுபது வரிகளில் எழுதிவிடலாம்.

அதன் வேலை ஒரு சுழற்சி. ஒரு வரியைப் படிக்க வேண்டும்; இடைவெளி உள்ள இடங்களில் சொற்களாகப் பிரிக்க வேண்டும்; முதற்சொல் குறிக்கும் நிரலை இயக்க வேண்டும்; அது முடிந்ததும் அடுத்த வரியைப் படிக்க வேண்டும்.

நிரலை இயக்குவதற்குக் கெர்னலிடம் மூன்று உதவிகளைக் கேட்கிறோம். முதலாவது 'ஃபோர்க்'. இது ஓடிக்கொண்டிருக்கும் ஷெல்லைப் போலவே இன்னொன்றை உண்டாக்குகிறது. மூலத்தைத் தாய் என்றும், புதியதைச் சேய் என்றும் கொள்வோம். இரண்டும் ஒரே இடத்திலிருந்து தொடர்வதால், எது தாய், எது சேய் என்று தெரிய வேண்டுமல்லவா? அதற்காக ஃபோர்க், சேய்க்கு 0 என்ற விடையையும் தாய்க்குச் சேயின் அடையாள எண்ணையும் தருகிறது.

இரண்டாவது 'எக்ஸெக்'. சேய் இதை அழைத்ததும், அதிலிருந்த ஷெல் அகன்று 'டேட்' நிரல் அவ்விடத்தில் அமர்கிறது. பழைய நிரலுக்குத் திரும்புதல் என்பதே கிடையாது. திரும்பினால், நிரலை இயக்க முடியவில்லை என்று பொருள்; பிழையை அறிவித்துச் சேயை முடித்துவிட வேண்டும். இல்லையேல் இரண்டு ஷெல்கள் ஓடிக்கொண்டிருக்கும்!

மூன்றாவது 'வெயிட்'. சேய் முடியும்வரை தாய் காத்திருக்கிறது.

இவ்வளவும் எழுதியபின் ஒரு புதிர் எழும். கோப்புகள் உள்ள டைரக்டரியை மாற்றும் 'சிடி' கட்டளையைச் சேயிடம் ஒப்படைத்தால் பயனில்லை. ஏன்? சேய் மாற்றுவது தன் டைரக்டரியை மட்டுமே. அது முடிந்ததும் மாற்றமும் மறைகிறது. தாய் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

யுனிக்ஸைப் படைத்தவர்களே இப்புதிரைச் சந்தித்தவர்கள்தாம். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் அதைத் தொடங்கினர். முதலில் ஷெல் இருந்த இடத்திலேயே கட்டளை நிரல் ஏற்றப்பட்டது; அது முடிந்ததும் ஷெல் மீண்டும் ஏற்றப்பட்டது. பிறகு ஃபோர்க் முறை வந்தது. உடனே டைரக்டரி மாற்றும் கட்டளை பயனற்றுப் போயிற்று. காரணம் மேலே கண்டதுதான். இதை ரிட்சியே எழுதியிருக்கிறார். அக்கட்டளையை ஷெல்லே நேரடியாகச் செய்யும்படி அமைத்து, குறையைத் தீர்த்தனர். இன்றைய ஷெல்களும் அப்படியே செய்கின்றன.

லினக்ஸ் கணிப்பொறி வாய்க்கப்பெற்ற மாணவர்கள் முதலில் 'சிடி'யைச் சேயிடம் கொடுத்துப் பாருங்கள். பின்னர் தாயிடமே கொடுத்துப் பாருங்கள். வேறுபாடு உடனே விளங்கும்.