கவனம் சிதறும் பிள்ளையும் கணினிப் பயிற்சியும்

“பாதர், இவன் புத்தகத்தைத் திறந்தால் ஐஞ்சு நிமிஷம் இருக்கமாட்டான். கனடாவிலை மூளைக்கு மெஷின் பூட்டிப் படிப்பு வரப்பண்ணுறாங்களாம். நகையை அடைவு வைச்சாவது செய்விக்கலாமோ?”

முள்ளியவளையில் ஒரு தாய் எம்மிடம் கேட்ட கேள்வி இது. இடம்பெயர்ந்து, வயலையும் மாட்டையும் இழந்து, பிள்ளையின் படிப்பையே முதுசமாக நம்பியிருக்கும் எல்லோருக்கும் உரிய கேள்வி. ஆகவே அதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

மூளை இயங்கும்போது மிக நுண்ணிய மின்னலைகள் எழுகின்றன. ஜேர்மன் வைத்தியர் ஹான்ஸ் பேர்கர் மனித மூளையின் அலைகளை 1924இல் பதிவுசெய்து, 1929இல் வெளியிட்டார். பயிற்சியின்போது பிள்ளையின் தலைத்தோலில் சிறு உணரிகளை ஒட்டுவார்கள். அவை மின்சாரத்தை உட்செலுத்துவதில்லை. அலைகளை அளக்க மட்டுமே செய்கின்றன. கவனம் ஊன்றியதற்குரிய அலை தெரிந்தால் கணினித் திரையில் படம் ஓடும், மாறினால் நின்றுவிடும். இப்படிப் பல வாரங்கள் பயில வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஜோயல் லூபர் 1970களில் இம்முறையை இத்தகைய பிள்ளைகளிடம் பயன்படுத்தத் தொடங்கினார்.

பலன் உண்டா? 2021இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில் 7 முதல் 10 வயது வரையான 140க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பங்குபற்றினர். ஒரு பகுதியினருக்கு உண்மைப் பயிற்சி. மற்றவர்களுக்கு அதே தோற்றத்தில் போலிப் பயிற்சி. எது யாருக்கு என்று பெற்றோருக்குக்கூடத் தெரியாது. முடிவில் இரு பகுதியினருமே முன்னேறினர். குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. ஆகவே மெஷினுக்காக நகையை அடைவு வைக்க வேண்டாம் என்றே அந்தத் தாய்க்குச் சொன்னோம்.

எமது மண்ணில் கவனச் சிதறலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வடகிழக்கில் 420 தமிழ் மாணவரிடம் நடத்தி 2009இல் வெளியான ஆய்வில், 92 வீதமானோர் குண்டுவீச்சு, ஷெல்லடி, உறவினரின் மரணம் போன்ற கொடிய அனுபவங்களைக் கண்டிருந்தனர். நால்வரில் ஒருவரை அது நோயாகவே பற்றியிருந்தது. நினைவாற்றலும் படிப்பும் பாதிக்கப்பட்டிருந்தன. அந்தத் தலைமுறையினர் இன்று பெற்றோர். தகப்பனின் உறக்கமின்மையும் தாயின் பதற்றமும் பிள்ளையையும் தொடும்.

ஆனால் வழியும் இம்மண்ணிலேயே காணப்பட்டது. 2004 கடற்கோளின் பின், வடகிழக்கு முகாமொன்றில் மனவடுவுற்ற 31 பிள்ளைகளுக்கு, பயிற்றப்பட்ட உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு அமர்வுகள் நடத்தினர். சிலர் தம் கதையை ஒழுங்காகச் சொல்லப் பழகினர். மற்றையோர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தனர். ஆறு மாதங்களின் பின் முதற் பகுதியினரில் 81 வீதமானோரும் மற்றப் பகுதியினரில் 71 வீதமானோரும் குணமடைந்திருந்தனர். அங்கே மெஷின் எதுவும் இருக்கவில்லை.

பெற்றோரே, நாம் செய்யக்கூடியவை உண்டு. முதலில் பிள்ளையின் கண்ணையும் காதையும் பரிசோதிப்பிப்போம். நேரத்துக்கு உணவும் உறக்கமும் கொடுப்போம். பாடத்தைச் சிறு துண்டுகளாக்கி, பக்கத்தில் இருந்து படிப்பிப்போம். வகுப்பாசிரியரோடு பேசுவோம். மாறாவிட்டால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்வோம். சிலருக்கு மருந்தும் தேவைப்படும், அதில் வெட்கமில்லை.

அடியை மட்டும் விட்டுவிடுவோம். நீர் வற்றிய பயிரைத் தடியால் அடித்து நிமிர்த்தும் விவசாயி எவருமில்லை.