சிறுவர் மிதிவண்டிக் கேரியர் பை

சிறுவர் மிதிவண்டிக் கேரியர் பை என்பது சிறுவர் ஓட்டும் மிதிவண்டியின் பின்சக்கரத்துக்கு மேலுள்ள சுமைதாங்கியின் (கேரியர்) மீதோ அதன் பக்கங்களிலோ பொருத்தப்படும் பை ஆகும். பாடநூல், உணவுப் பாத்திரம், தண்ணீர்ப் புட்டி, மழைச்சட்டை போன்றவற்றை முதுகில் சுமக்காமல் எடுத்துச் செல்ல இது உதவுகிறது. பெரியவர்களின் மிதிவண்டிக்கென அமைந்த பைகள் சிறுவர் மிதிவண்டிக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை. சிறுவர் மிதிவண்டியில் சக்கரம், சட்டகம், கேரியர் ஆகிய மூன்றும் சிறியவை; ஓட்டுபவரின் எடையும் குறைவு. எனவே இத்தகைய பையைத் தெரிவு செய்யும்போது அதன் கொள்ளளவைவிட, அதில் ஏற்றப்படும் எடையும் அவ்வெடை அமையும் இடமுமே முதன்மை பெறுகின்றன.

எடையின் விளைவு

65 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 15 கிலோகிராம் எடையுள்ள மிதிவண்டியை ஓட்டுவதாகக் கொள்வோம். இவ்வண்டியில் ஏற்றப்படும் 4 கிலோகிராம் பை மொத்த எடையில் 5 விழுக்காட்டை மட்டுமே கூட்டுகிறது. 24 கிலோகிராம் எடையுள்ள குழந்தை 12 கிலோகிராம் எடையுள்ள மிதிவண்டியை ஓட்டும்போது, அதே பை ஏறத்தாழ 11 விழுக்காட்டைக் கூட்டுகிறது. தடுப்பை அழுத்தி வண்டியை நிறுத்துவதற்கும், சாயும் வண்டியைத் தாங்கிப் பிடிப்பதற்கும் குழந்தைக்கு அதற்கேற்பக் கூடுதல் விசை தேவைப்படுகிறது.

ஓடிக்கொண்டிருக்கும் மிதிவண்டியைக் கைப்பிடியைச் சிறிது திருப்புவதன் மூலம் சமநிலையில் வைத்திருக்க முடியும். புறப்படும்போதும் நிற்கும்போதும் இது இயலாது. அப்போது வண்டியின் சாய்வை ஓட்டுபவரின் காலும் கையுமே தாங்க வேண்டும். பையின் எடை எவ்வளவு உயரத்தில் அமைந்துள்ளதோ, அந்த அளவுக்கு வண்டியைச் சாய்க்கும் திருப்புவிசை கூடும். எடுத்துக்காட்டாக, 20 அங்குலச் சக்கரம் கொண்ட ஒரு மிதிவண்டியில் கேரியரின் மேல் வைக்கப்பட்ட பையின் மையம் தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்திலும், பக்கங்களில் தொங்கும் பைகளின் மையம் 40 செ.மீ. உயரத்திலும் இருப்பதாகக் கொண்டால், ஒரே எடைக்கும் ஒரே சாய்வுக்கும் பக்கப்பைகள் தரும் திருப்புவிசை ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குறைவாக இருக்கும்.

பையின் மையம் பின்சக்கர அச்சுக்குப் பின்னால் அமைந்தால் முன்சக்கரத்தின் மீதுள்ள சுமை குறைகிறது. மேட்டில் ஏறும்போது இவ்விளைவு மேலும் கூடும். ஆகையால் கனமான பொருட்களை இருக்கைக்கு அருகிலும், பையின் அடிப்பகுதியிலும் வைப்பது நல்லது.

வகைகள்

மேற்பை: கேரியரின் மேல்தட்டில் பட்டைகளால் கட்டப்படுவது. எடை வண்டியின் நடுக்கோட்டில் அமைவது இதன் நன்மை. உயரத்தில் அமைவது குறை. பை உயரமாக இருந்தால், காலைப் பின்புறமாகத் தூக்கிப் போட்டு ஏறும் குழந்தைக்கு அது தடையாகும்.

ஒற்றைப் பக்கப்பை: கேரியரின் ஒரு பக்கத்தில் கொக்கிகளால் மாட்டப்படுவது. எடை தாழ்வாக அமைந்தாலும் வண்டியை ஒரு பக்கம் இழுக்கும். மையத்திலிருந்து 15 செ.மீ. விலகித் தொங்கும் பை, வண்டி நேராக நிற்கும்போதே தரும் திருப்புவிசை, 65 செ.மீ. உயரத்திலுள்ள அதே எடை கொண்ட மேற்பை ஏறத்தாழ 13 பாகை சாய்வில் தருவதற்கு நிகரானது. எனவே இது இலேசான பொருட்களுக்கே ஏற்றது.

இரட்டைப் பக்கப்பை: கேரியரின் குறுக்கே போடப்பட்டு இருபுறமும் தொங்குவது. எடையை இருபுறமும் சமமாகப் பிரித்து வைத்தால் நிலைப்புத்தன்மை மிக்கது. குதிகாலுக்கும் சக்கரத்துக்கும் போதிய இடைவெளி உள்ளதா என்பது இதில் கட்டாயம் பார்க்கப்பட வேண்டும்.

கேரியரின் தன்மை

பல கேரியர்களில் அவை தாங்கக்கூடிய எடை பொறிக்கப்பட்டிருக்கும். 10, 18, 25 கிலோகிராம் என்பன பரவலாகக் காணப்படும் அளவுகள். பையின் சொந்த எடையும் இவ்வரம்பில் அடங்கும். பின்னச்சுக்கு அருகே சட்டகத்துடன் திருகாணியால் பிணைக்கப்பட்ட கேரியர், இருக்கைத் தண்டில் மட்டும் கவ்வி நிற்கும் கேரியரைவிட உறுதியானது. பின்னது பக்கவாட்டில் திரும்பிவிடவும் கூடும். கேரியர் தாங்கும் எடை வேறு, குழந்தை கையாளக்கூடிய எடை வேறு. இவ்விரண்டில் எது குறைவோ அதுவே வரம்பு.

கொள்ளளவும் எடை வரம்பும்

நூல்கள் இடத்தை அடைப்பதற்கு ஏற்ப எடை மிக்கவை. 10 லிட்டர் கொள்ளளவுள்ள பையை நூல்களால் நெருக்கமாக நிரப்பினால் அதன் எடை 7 கிலோகிராமை எட்டக்கூடும். பெரிய பை வாங்கினால் அது நிரப்பப்படுவதும் இயல்பு. ஆகவே சிறுவருக்குச் சிறிய பையே பாதுகாப்பானது.

இந்திய நடுவண் அரசு 2018ஆம் ஆண்டு நவம்பரில் பள்ளிப் பைகளுக்கான எடை வரம்புகளை அறிவித்தது. அதன்படி 1, 2ஆம் வகுப்புகளுக்கு 1.5 கிலோகிராம், 3 முதல் 5ஆம் வகுப்பு வரை 2 முதல் 3 கிலோகிராம், 6, 7ஆம் வகுப்புகளுக்கு 4 கிலோகிராம், 8, 9ஆம் வகுப்புகளுக்கு 4.5 கிலோகிராம், 10ஆம் வகுப்புக்கு 5 கிலோகிராம் என்பன உயர்ந்த அளவுகள். 2020ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கை, பையின் எடை மாணவரின் உடல் எடையில் 10 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்கிறது. இவை முதுகில் சுமக்கும் பைக்கு வகுக்கப்பட்டவை. எனினும் வண்டியிலிருந்து இறங்கியபின் அதே பையைக் குழந்தையே சுமந்து செல்ல வேண்டியிருப்பதால், கேரியர் பைக்கும் இவ்வளவுகளைக் கொள்வது பொருத்தமானது.

பொருத்தம் பார்த்தல்

சிறுவர் மிதிவண்டியில் மிதிக்கட்டைக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையிலுள்ள தொலைவு குறைவாதலால், பக்கப்பையின் மீது குதிகால் இடிக்க வாய்ப்பு மிகுதி. குழந்தை காலணியுடன் அமர்ந்திருக்க, மற்றொருவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நகர்த்தி, மிதிக்கட்டை ஒரு முழுச் சுற்று சுற்றும்வரை பார்த்தால் இது தெரிந்துவிடும். கேரியர் தாழ்வாக இருப்பதால், 40 செ.மீ. உயரமுள்ள பெரியவர் பக்கப்பை தரைக்கு மிக அருகில் தொங்கும். கற்களிலும் வேகத்தடைகளிலும் உரசும்.

பக்கப்பையின் கொக்கிகள் கேரியர் குழாயின் தடிமனுக்குப் பொருந்த வேண்டும். தளர்வான கொக்கி குழியில் குலுங்கும்போது கழன்றுவிடும். பட்டைகளின் தொங்கும் முனைகள் சக்கரக் கம்பிகளில் சிக்கினால் சக்கரம் திடீரென நின்று குழந்தை விழ நேரிடும். முதுகுப்பையை வில்கவ்வியில் செருகிச் செல்லும்போதும் இதே ஆபத்து உண்டு. அதன் தோள்பட்டைகளை மடித்துக் கட்டுவது இன்றியமையாதது. முனையில் கொக்கியுள்ள மீள்கயிறுகள் கைநழுவித் தெறித்தால் கண்ணில் காயம் ஏற்படலாம் என்பதால், சிறுவர் கையாள அகன்ற பட்டைகளே ஏற்றவை. பின்புற ஒளித்தெறிப்பானையும் விளக்கையும் பை மறைத்தல் கூடாது.

தைத்த துணிப் பைகளில் தையல் துளைகள் வழியே மழைநீர் கசியும். மழைக்காலத்தில் மேலுறையோ, தையலின்றி வெப்பத்தால் ஒட்டப்பட்ட நீர்புகாப் பையோ நூல்களைக் காக்கும்.

சோதனை ஓட்டம்

வழக்கமாக ஏற்றப்படும் எடையைப் பையில் வைத்து, போக்குவரத்து இல்லாத திடலில் ஓட்டிப் பார்ப்பதே இறுதிச் சோதனை. குழந்தை உதவியின்றிப் புறப்படவும், திரும்பவும், நிறுத்திக் கால் ஊன்றவும், இறங்கி வண்டியைத் தள்ளவும், பையைக் கழற்றவும் இயல வேண்டும். நின்ற நிலையில் வண்டி சாய்ந்து அதைப் பிடிக்க இயலாவிட்டால், வேறு பை தேடுவதற்கு முன் எடையைக் குறைத்துப் பார்க்க வேண்டும். 16 அங்குலமும் அதற்குக் குறைவான சக்கரமும் கொண்ட வண்டிகளை ஓட்டும் குழந்தைகளின் பையை, உடன் செல்லும் பெரியவர் எடுத்துச் செல்வதே பாதுகாப்பானது.