குறையுள்ள படமும் குறை காட்டும் நண்பரும்

ஒளிப்படம் எடுத்தலைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் பலர். காமிராவை இயக்கக் கற்பது சில நாள் வேலை. ஆயின், எடுத்த படம் நன்றா அன்றா என்று காணும் கண் அத்துணை எளிதில் வாய்ப்பதில்லை. படத்தை எடுத்தவர் அதைப் பார்க்கும்போது, அன்றைய நிகழ்ச்சியும் மகிழ்ச்சியும் அவர் நினைவில் எழுகின்றன. பார்க்கும் பிறருக்கோ தாளில் உள்ளது மட்டுமே தெரிகின்றது. இவ்விடைவெளியை உணர்த்த வல்லது பிறர் கூறும் கருத்து. அதை யாரிடம் கேட்பது? எதைக் காட்டிக் கேட்பது? எதை ஏற்பது, எதை விடுப்பது? இவ்வினாக்களுக்கு விடை காண, ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையாரின் வரலாறு பெரிதும் துணைசெய்யும்.

நாற்பத்தெட்டு வயதில் தொடங்கிய கல்வி

அம்மையார் 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். பின்னர் இங்கிலாந்தின் வைட் தீவில் குடியேறி வாழ்ந்தார். 1863-ஆம் ஆண்டு டிசம்பரில் அவருடைய மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசாக அளித்தனர். அப்போது அவருக்கு வயது 48. வீட்டிலிருந்த கரி அறை இருட்டறை ஆயிற்று. கோழிக்கூடு படம் எடுக்கும் கூடம் ஆயிற்று.

அக்காலத்தில் படம் எடுத்தல் அரிய செயல். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசைநீரைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படம் எடுத்து, உடனே இருட்டறையில் உருவம் தோன்றச் செய்து கழுவவேண்டும். எவ்விடத்துப் பிழை நேர்ந்தாலும் தகடு பாழ். அம்மையார் தம் முதற்படத்தை ஈரம் காயுமுன் கைபட அழித்துவிட்டார். எனினும், 1864 ஜனவரியில் ஆனி என்னும் சிறுமியின் படம் நன்கு அமைந்தது. அதனையே தம் முதல் வெற்றி என்று அவர் குறித்துக்கொண்டார்.

சங்கத்தார் கண்ட குறை

அதே ஆண்டில் அவர் இலண்டன் ஒளிப்படச் சங்கத்தில் உறுப்பினரானார். கண்காட்சிகளுக்குப் படங்களை அனுப்பினார். ஒளிப்பட இதழ்கள் அவற்றைக் கடுமையாகத் தாக்கின. போக்கஸ் சரியில்லை, உருவம் மங்கியிருக்கின்றது, தகட்டில் கறையும் கீறலும் உள்ளன என்பன அவை சுமத்திய குற்றங்கள்.

இக்குற்றங்கள் இருவகைப்படும் என்பதை நோக்குதல் வேண்டும். உருவத்தின் மென்மை அம்மையார் விரும்பிக் கொண்டது. வில்லையைத் திருப்பும்போது உருவம் தம் கண்ணுக்கு அழகாகத் தோன்றிய இடத்திலேயே நிறுத்திவிடுவது தம் வழக்கம் என்று அவரே பின்னாளில் எழுதினார். எது சரியான போக்கஸ் என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு என அறிவியலறிஞர் சர் ஜான் ஹெர்ஷலுக்குக் கடிதத்தில் வினாவும் விடுத்தார். இலண்டன் சங்கத்தார் குறையென்று கண்ட படங்களைப் பிறர் வேறு விதமாகக் கண்டனர். 1865-இல் பெர்லின் கண்காட்சியில் வெண்கலப் பதக்கமும், 1866-இல் அங்கேயே பொற்பதக்கமும் அவருக்குக் கிடைத்தன. இலண்டன் சவுத் கென்சிங்டன் அரும்பொருளகமும் 1865-இல் அவர் படங்களை வாங்கியது.

கறையும் கீறலும் அத்தகையன அல்ல. அவற்றுட் பல கைப்பழக்கக் குறைவால் நேர்ந்தவை. தொழில்நுட்பத்தில் பிறர் உதவியை நாட அம்மையார் நாணவுமில்லை. தம் தகடுகளின் மேற்பூச்சு வலைபோல் வெடிக்கத் தொடங்கியபோது, 1869-இல் அதே சங்கத்தாரிடம் சென்று காரணம் கேட்டார். சுவையைப் பற்றி அவர்கள் சொன்னதை ஏற்காதவர், தொழிலைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டறியத் தயங்கவில்லை.

ஓவியர் கேட்ட பழுதுப் படங்கள்

அம்மையாருக்கு வாய்த்த மற்றொரு நண்பர் ஓவியர் ஜி. எஃப். வாட்ஸ். அம்மையார் தம் படங்களை அவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பது வழக்கம். அட்டையில் ஒட்டிய விலையுயர்ந்த படங்களை அனுப்பவேண்டாம், பழுதான படிகளையே அனுப்பினால் போதும், அவற்றைக் கொண்டே தம்மால் மதிப்பிட இயலும் என்று வாட்ஸ் எழுதினார். வீண்செலவைத் தவிர்க்கக் கூறியதாயினும், இதனுள் கற்பவர்க்குரிய பாடம் ஒன்று உள்ளது. சிறந்த படத்தை மட்டும் காட்டுவோர் பாராட்டையே பெறுவர். கறைபட்ட படியைக் கொடுத்து, இதில் முகத்தின் அமைப்பு எவ்வாறுள்ளது, ஒளி எங்கே மிகுந்தது என்று கேட்போர்க்கே கல்வி கிட்டும். வாட்ஸ் ஒளிப்படக்காரர் அல்லர். ஆயினும் ஒளியையும் நிழலையும் வாழ்நாளெல்லாம் கண்டு பழகியவர்.

பின்னர் அம்மையார் 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உள்ள தகடுகளை ஏற்கும் பெரிய காமிராவை வாங்கினார். முகத்தை மட்டும் மிக நெருங்கி எடுத்த அவருடைய பெரும்படங்கள் அதற்குப் பின் தோன்றியவை. 1875-இல் கணவருடன் இலங்கைக்குச் சென்றார். களுத்துறையில் அங்குள்ள தொழிலாளரையும் ஊர்மக்களையும் படம் எடுத்தார். தமிழரும் அவருள் இருந்தனர். கருத்துக் கேட்கச் சங்கமோ கண்காட்சியோ அங்கே அருகில் இல்லை. அவர் இலங்கையில் எடுத்தனவாக இன்று அறியப்படும் படங்கள் மிகச் சிலவே. 1879-இல் அத்தீவிலேயே அவர் மறைந்தார்.

இன்று கற்போர்க்கு

இன்று கைப்பேசியிலேயே காமிரா உள்ளது. நூறு படங்களை நொடியில் எடுக்கலாம். நூறு பாராட்டுகளையும் நொடியில் பெறலாம். ஆயின், பாராட்டு மட்டும் படத்தைத் திருத்துவதில்லை. கற்க விரும்புவோர் பழுதான படங்களை அழித்துவிடாமல், சிலவற்றையேனும் பாதுகாத்தல் வேண்டும். ‘படம் எப்படி?’ என்று பொதுவாகக் கேளாமல், ‘பின்னணி முகத்தை மறைக்கின்றதா?’ என்பது போல் ஒன்றைச் சுட்டிக் கேட்டல் வேண்டும். கிடைத்த விடையைத் தொழில் பற்றியது, சுவை பற்றியது என இரண்டாகப் பிரித்தல் வேண்டும். தொழில் பற்றியதை உடனே செய்து பார்க்கலாம். சுவை பற்றியதைச் சில நாள் வைத்து எண்ணிப் பார்க்கலாம். பின்னர் அதே பொருளை, அதே நேரத்து ஒளியில் மீண்டும் எடுத்து, இரு படங்களையும் அருகருகே வைத்துக் காணுதல் வேண்டும். திருத்தம் பயன்பட்டதா என்பதை அவ்விரு படங்களே கூறும்.

மாணவர் கட்டுரையைத் திருத்தும் ஆசிரியர்க்கு இது புதிதன்று. எழுத்துப் பிழையைச் சிவப்பு மையால் திருத்துவது ஒருவகை. மாணவன் தேர்ந்த சொல்லையும் நடையையும் பற்றிக் கருத்துக் கூறுவது வேறுவகை. முன்னதில் உறுதியும் பின்னதில் பொறுமையும் நல்லாசிரியரின் இயல்புகள். இடித்துரைக்கும் துணையில்லாத மன்னன், கெடுப்பார் இல்லாமலே கெடுவான் என்பது வள்ளுவர் கருத்து. மன்னனுக்குக் கூறிய அவ்வறம் காமிராவைக் கையில் ஏந்தியவர்க்கும் பொருந்தும்.